நீரிழிவின் வாசலில் நிற்போருக்கு

  

சென்ற ஆண்டு, எனது முப்பத்தாறாவது வயதில், வேறொரு காரணத்திற்காக இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 112 மில்லிகிராம் எனக் காட்டியது. எனக்கு வலியோ, தாகமோ, களைப்போ இருக்கவில்லை. எனது தந்தையோ பல்லாண்டு காலம் சீனி வருத்தத்துடன் வாழ்ந்து, கால் விரல்கள் இரண்டை இழந்து, இறுதிக் காலத்தில் நாற்காலியில் அமர்ந்தே தொழுதவர். அந்த அறிக்கையைக் கையில் பிடித்தபோது அந்த நாற்காலிதான் என் நினைவுக்கு வந்தது. ஆகவே உங்களில் ஒருவனாக நின்றே இதனை எழுதுகின்றேன்.

முன்நீரிழிவு என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறு, பாண், இனிப்பு யாவும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அதனை உடற்கலங்களுக்குள் செலுத்துவது கணையம் சுரக்கும் இன்சுலின் ஆகும். ஈரலிலும் வயிற்றுப் பகுதியிலும் கொழுப்பு மிகும்போது உடற்கலங்கள் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுசெய்ய முயல்கின்றது. அது களைப்படையத் தொடங்கும்போது இரத்தத்தில் சீனி உயர்கின்றது.

வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சீனி 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருப்பின், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை 5.7 முதல் 6.4 வீதம் வரை இருப்பின், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலின்படி அது முன்நீரிழிவு ஆகும். 126 அல்லது 6.5 வீதத்தை எட்டினால் அது நீரிழிவின் எல்லை. நமது நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ முன்நீரிழிவோ இருப்பதாக 2008 ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று காட்டியது. நம் பள்ளிவாசலின் ஒரு ஸஃப்பில் இருபது பேர் நின்றால், அவர்களில் நால்வர் எனக் கொள்ளுங்கள்.

எவ்வளவு எடை குறைந்தால் போதும்?

இங்கே ஒரு நற்செய்தி உண்டு. 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வொன்றில், முன்நீரிழிவு உடைய மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதையும் வாரத்திற்கு 150 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபடுவதையும் இலக்காகக் கொண்டோரிடையே நீரிழிவு ஏற்படுவது 58 வீதத்தால் குறைந்தது. மாத்திரை உட்கொண்டோரிடையே அது 31 வீதத்தாலேயே குறைந்தது. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். அது அடையக்கூடிய இலக்கே.

நம்மில் பலர், "நான் அவ்வளவு பருமன் இல்லையே" எனக் கூறித் தப்பிக்க முயல்கின்றனர். தென்னாசிய மக்களுக்குக் கை கால்கள் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்வது இயல்பு. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டுவது எச்சரிக்கையாகும். தையற்காரரின் அளவு நாடா ஒன்றே இதற்குப் போதும்.

தட்டில் தொடங்குங்கள்

தட்டை மனதால் நான்காகப் பிரியுங்கள். இரு பங்கு மரக்கறியும் கீரைச் சுண்டலும். ஒரு பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. எஞ்சிய ஒரு பங்கு மாத்திரமே சோறு. நமது வீடுகளில் இக்கணக்கு தலைகீழாக இருக்கின்றது. சோறு மலையாகவும் மரக்கறி அதன் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் காணப்படுகின்றன. தீட்டாத சிவப்பரிசியும் குரக்கன் பிட்டும் நல்லவையே. எனினும் அவையும் மாச்சத்துள்ளவை. அளவின்றி உண்ண அனுமதிச் சீட்டு அல்ல.

அடுத்தது தேநீர். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி வீதம் நாளொன்றுக்கு நான்கு கோப்பை அருந்துபவர் பன்னிரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 60 கிராம் சீனியைக் குடிக்கின்றார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் பரிந்துரைத்தது. இரு வாரங்களுக்கு ஒரு முறை அரைக் கரண்டி எனக் குறையுங்கள், நாவு பழகிவிடும். குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் 2016 முதல் நமது நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு நிறத்தைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

தேனில் நிவாரணம் இருப்பதை நாம் ஈமான் கொண்டுள்ளோம். ஆயினும் தேநீரில் சீனிக்குப் பதிலாகத் தேனையோ கித்துள் பாணியையோ தாராளமாக ஊற்றினால் இரத்தச் சீனி உயரவே செய்யும். கருஞ்சீரகம் உண்பவரும் இரத்தப் பரிசோதனையைத் தவிர்த்தல் ஆகாது.

மூன்றிலொரு பங்கு

வயிற்றை உணவு, நீர், மூச்சு என மூன்றாகப் பிரிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அனைவரும் அறிவோம். திர்மிதியில் பதிவான அந்த ஹதீஸின் முற்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றோம். முதுகை நிமிர்த்தி நிறுத்தப் போதுமான சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்பதே அங்கு முதலில் கூறப்படுவது. அதனைவிட மேலதிகமாக உண்ணத்தான் வேண்டும் என்றால் மாத்திரமே மூன்றிலொரு பங்கு. எனவே அது அளவின் மேல் எல்லையாகும். நாமோ அதனைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டோம்.

விருந்தும் சஹனும்

மௌலவிமார்களாகிய எமக்கு வாரந்தோறும் வலீமாவும், பெயர் சூட்டலும், வீடு குடிபுகுதலும் வரும். பரிசோதனை முடிவின் பின்னர் ஓர் இல்லத்தில் வட்டிலப்பத்தின் இரண்டாவது துண்டை நான் மறுத்தபோது வீட்டுக்காரரின் முகம் வாடியது. "ஹஸரத்துக்கு எங்கட சாப்பாடு பிடிக்கல்ல போல" என்றார். அன்று நான் வெட்கப்பட்டு அதனை உண்டேன். அது தவறு. இப்போது முதலிலேயே, "எனக்குச் சீனி ஏறத் தொடங்கியிருக்கின்றது, துஆச் செய்யுங்கள்" எனக் கூறிவிடுகின்றேன். அதன் பின்னர் எவரும் வற்புறுத்துவதில்லை. சிலர் தமது பரிசோதனை முடிவையும் என்னிடம் கூறுகின்றனர்.

சஹனில் அமரும்போது தன் முன்னால் உள்ளதை உண்பது சுன்னத். அந்த ஒழுக்கமே அளவாகவும் அமையட்டும். உங்கள் பக்கத்துச் சோற்றில் உங்கள் பங்கை முதலிலேயே விரலால் கோடிட்டுப் பிரித்து, அது முடிந்ததும் கையை எடுங்கள்.

ரமழானில்

பகல் முழுவதும் பசித்திருந்து, இஃப்தாரில் சர்பத்தும் சம்சாவும் ரோல்ஸும், தராவீஹுக்குப் பின்னர் கொத்து ரொட்டியும் உண்டால் எடை குறைவது எங்ஙனம்? சிறிய பேரீச்சம்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சீனி உண்டு. ஒன்று அல்லது மூன்றுடன் நிறுத்தி, நீரும் ஒரு கோப்பை கஞ்சியும் அருந்தி மஃரிப் தொழுதுவிட்டு அளவாக உண்ணுங்கள். மருந்து உட்கொள்வோர் ரமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையைப் பருமன் என்று கேலி செய்யாதீர்கள். அவனுக்கு மாத்திரம் தனிப் பத்தியம் வகுக்காதீர்கள். முழு வீட்டின் சமையலும் மாறட்டும். தட்டைக் காலி செய்யுமாறு வற்புறுத்துவதை விட்டு, முதலிலேயே குறைவாகப் பரிமாறுங்கள், உணவும் வீணாகாது. கர்ப்ப காலத்தில் சீனி உயர்ந்திருந்த தாய்மார், பிரசவத்தின் பின்னரும் தவறாது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 35 வயதைக் கடந்தோர் அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பகல் முழுதும் நோன்பும் இரவு முழுதும் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்காகவே உடலை வருத்தலாகாது எனில், சுவைக்காக அதனை அழிக்கலாமா?

எனது அண்மைய முடிவு 101. எடை நான்கு கிலோ குறைந்துள்ளது. வாசலைவிட்டு இன்னும் முழுமையாக விலகவில்லை. எனினும் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். நீங்களும் இவ்வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நின்று தொழும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் இறுதி நாள் வரை வல்ல அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.