வீழ்ந்த கோட்டையும் எழுந்த கோட்டையும்



மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா செல்லும் நீங்கள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகிறீர்கள். கடலோரமாகத் தெற்கே இன்னும் சிறிது தொலைவு சென்றால், கல்பாக்கத்தை அடுத்துச் சதுரங்கப்பட்டினம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், எழுப்பிய செங்கற்கோட்டை ஒன்றுண்டு. பாழடைந்த கட்டடத்தைப் பேணுவது எங்ஙனம் என்பதற்கு அது நல்லதொரு பாடமாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையில் வாணிகம் நடத்திய ஒல்லாந்தர், நம் நெசவாளர் நெய்த மெல்லிய மஸ்லின் துணிகளை இங்கிருந்து கப்பலேற்றினர். 1781-இல் இக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஆங்கிலேயரின் கடற்படையும் பிரெஞ்சுக்காரரின் கடற்படையும் இவ்வூருக்கருகே பொருதன. 1818-இல் ஒல்லாந்தர் ஊரைத் திரும்பப் பெற்றனர். எனினும் 1824-ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கைப்படி, 1825-இல் அதனை ஆங்கிலேயருக்கே விட்டுக்கொடுத்தனர். வாணிகம் போயிற்று, மதிலைக் காப்பாரும் இல்லாது போயினர். கோட்டை சிதைந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்து, எஞ்சியவற்றைச் செப்பனிட்டது. எழுத்துப் பொறித்த ஒல்லாந்தர் கல்லறைகளை அங்கே காணலாம்.

"முழுக் கோட்டையையும் புதிதாகக் கட்டிவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானியர் அவ்வாறு செய்ததுண்டு. நகோயா நகரக் கோட்டையின் மரமாளிகை 1945-இல் குண்டுவீச்சில் எரிந்தது. 1959-இல் அதே தோற்றத்தில் கான்கிரீட்டால் அதனை எழுப்பி, உள்ளே மின்தூக்கியும் அமைத்தனர். முன்னரே எடுத்துவைத்த அளவு வரைபடங்களும் நிழற்படங்களும் இருந்தமையால், பழைய உருவம் எதுவென்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கட்டடம் பெரிய நிலநடுக்கத்தைத் தாங்காதென்று கருதி, 2018-இல் உள்ளே செல்வதைத் தடை செய்தனர். மீண்டும் மரத்தாலேயே கட்டுவதற்கு நகராட்சி திட்டம் வகுத்தது. உருவத்தை மீட்டாலும், பொருளையும் தொழில்முறையையும் மீட்டதாகாது என்பது இதனால் விளங்கும்.

ஆதாரம் உள்ள அளவுக்கே கட்டலாம். அதற்கு மேல் கட்டுவது கற்பனையாகும். செப்பனிடுவதற்கும் முறையுண்டு. பழைய செங்கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. அச்சாந்து ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினாலோ, ஈரம் உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள் படிந்து அதைப் பொடியாக்கும். நல்லெண்ணத்தோடு பூசிய பூச்சே சுவருக்குப் பகையாகிவிடும்.

ஆண்டுகள் பலவற்றுக்கு முன், மாணவர் சிலரை ஒரு பழங்கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். ஒருவன் கூரிய கல்லால் காரைச்சுவரில் தன் பெயரைக் கீறினான். நான் கண்டதும் அவன் வெட்கித் துடைக்க முயன்றான். பெயரோடு காரையும் பெயர்ந்து விழுந்தது. முன்கூட்டியே எடுத்துரைக்காதது ஆசிரியனாகிய என் குறையே என்று அன்று உணர்ந்தேன்.

ஆதலின் இன்றே சொல்கிறேன். சதுரங்கப்பட்டினத்துக்குச் செல்லுங்கள். எது பழைய சுவர், எது புதிய வேலை என்று உற்று நோக்குங்கள். அளவெடுங்கள், வரையுங்கள். சிறு செங்கல்லையும் அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள்.