மாடியில் சீமை அத்தி: எது பழுக்கும், எது உதிரும்?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலு வருஷம் ஒரு சீமை அத்திச் செடி நின்றது. கை அகல இலைகளோடு பச்சைப் பசேலென்று இருக்கும். மூன்றாம் வருஷம் காய்க்கவும் செய்தது. ஆனால் கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் காய் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன். சத்துப் போதவில்லையோ என்று மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, மீன் அமிலம் எல்லாம் கொடுத்தேன். ஒரு பழம்கூடக் கைக்கு வரவில்லை.

தப்பு தண்ணீரிலும் இல்லை, உரத்திலும் இல்லை. செடி வந்த வழியில் இருந்தது. கடையில் வாங்கிய துருக்கி உலர் அத்தியைப் பிட்டு, விதையெடுத்து முளைக்க வைத்த செடி அது. செலவில்லாமல் மரம் கிடைத்துவிட்டது என்று பெருமை வேறு. இப்படிச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருப்பதால், அது ஏன் பலிக்காது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் பூ. எப்போதாவது நடப்பதை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். உண்மையில் அத்தி ஒவ்வொரு முறை காய்க்கும்போதும் பூக்கத்தான் செய்கிறது. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைதான் பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் அதன் உள்சுவரில், உள்நோக்கி இருக்கும். வெளியே தெரிவது நுனியில் ஒரு சின்னத் துளை மட்டும். அந்தத் துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்க்க எறும்பைவிடச் சின்னக் குளவிகள் உண்டு. நம்ம ஊர் நாட்டு அத்திக்கு ஒரு குளவி, சீமை அத்திக்கு வேறொரு குளவி. சீமை அத்திக்கானதன் பெயர் பிளாஸ்டோஃபேகா சீனிஸ். மத்தியதரைக் கடல் பக்கத்து மேற்கு ஆசியக் குளவி அது. நம்ம மாடிக்கு அது வராது.

அப்படியானால் இங்கே சீமை அத்தி பழுப்பது எப்படி? அதற்கு வகை தெரிய வேண்டும். சீமை அத்தியில் நாலு வகை:

ஒன்று, ஆண் அத்தி. குளவி முட்டையிட்டு வளர்வது இதில்தான். பழம் பெரும்பாலும் சக்கையாக இருக்கும், சாப்பிட மாட்டார்கள்.

இரண்டு, ஸ்மிர்னா வகை. ஆண் மரத்திலிருந்து குளவி மகரந்தத்தோடு வந்தால்தான் பழுக்கும். வராவிட்டால் பிஞ்சிலேயே உதிரும்.

மூன்று, சான் பெட்ரோ வகை. போன வருஷத்துக் கிளையில் வரும் முதல் காய்ப்பு குளவியில்லாமல் பழுக்கும். புதுக் கிளையில் வரும் இரண்டாம் காய்ப்புக்குக் குளவி வேண்டும்.

நான்கு, சாதாரண வகை. குளவியே வேண்டாம், தானாகவே பழுக்கும். வீட்டுக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

துருக்கி உலர் அத்தி பெரும்பாலும் ஸ்மிர்னா வகை. மெல்லும்போது பல்லில் நறநறவென்று படுகிறதே, அது குளவி வந்துபோனதற்கு அடையாளம். மகரந்தம் சேர்ந்ததால் விதை முழுசாக இருக்கிறது, அதனால்தான் முளைக்கவும் செய்கிறது. ஆனால் முளைக்கும் செடிகளில் ஏறக்குறைய பாதி ஆண். மீதிப் பெண் செடிகளும் பெரும்பாலும் தாயைப் போலவே குளவிக்குக் காத்திருப்பவை. என் செடி அந்த இரண்டாவது கூட்டம்.

இந்த ஏமாற்றம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1880-களில் கலிபோர்னியா விவசாயிகள் துருக்கியிலிருந்து ஸ்மிர்னா அத்திப் போத்துகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்து நட்டார்கள். மரம் செழித்தது, காய் உதிர்ந்தது. துருக்கிக்காரர்கள் உதவாத மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு வந்தது. குளவிதான் காரணம் என்று சொன்னவர்களைப் பலர் நம்பவில்லை. ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் என்ற தோட்டக்காரர் கையாலேயே மகரந்தத்தைக் காய்க்குள் செலுத்திப் பழுக்க வைத்துக் காட்டினார். 1899-இல் குளவியையே கொண்டுவந்து நிலைக்கச் செய்தார்கள். அதன் பிறகுதான் அங்கே ஸ்மிர்னா அத்தி பழுத்தது. கலிபோர்னியா, ஸ்மிர்னா இரண்டையும் சேர்த்து அதற்குக் 'காலிமிர்னா' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, நாம என்ன வாங்கலாம்?

பூனா அத்தி: புனே பக்கம் புரந்தர் வட்டாரத்தில் விளைவது, 2016-இல் புவிசார் குறியீடு பெற்றது. செம்பழுப்புத் தோல், உள்ளே இளஞ்சிவப்பு. நம்ம வெயிலுக்குப் பழகியது. முதல் செடிக்கு இதையே சொல்வேன்.

பிரவுன் டர்க்கி: தொட்டியில் எளிதாகக் காய்க்கும். இனிப்பு மிதம். பெயரில் துருக்கி இருந்தாலும் இது சாதாரண வகை, பயப்பட வேண்டாம்.

பிளாக் மிஷன்: 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார்கள் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனது. கருநீலத் தோல், ஆழமான இனிப்பு. வேகமாக வளரும், கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும்.

டயானா: பெரிய, மஞ்சள் பச்சைப் பழம். தோல் பச்சையாகவே இருப்பதால் பழுத்தது தெரியாமல் விட்டுவிடுவோம். காக்கா, அணிலுக்கும் அப்படித்தானோ என்னவோ, கறுப்பு ரகத்தை விட இதில் சேதம் குறைவாக இருக்கிறது.

கடோட்டா: இத்தாலியின் பழைய ரகம், அங்கே டொட்டாட்டோ என்பார்கள். உள்ளே பொன்னிறம், தேன் மாதிரிச் சுவை.

நர்சரியில் பெயர் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். "இது போத்து நட்டதா, பதியன் போட்டதா, விதைச் செடியா?" என்று கேளுங்க. விதைச் செடி என்றால் வேண்டாம். காய்க்கிற மரத்தைக் காட்டி அதிலிருந்து எடுத்தது என்று சொன்னால் இன்னும் நல்லது. நண்பர் வீட்டில் பழுக்கிற மரம் இருந்தால் நர்சரிக்கே போக வேண்டாம். பென்சில் தடிமனில், நாலு கணு உள்ள போத்து ஒன்று போதும். அதே மரம் உங்க வீட்டிலும் வந்துவிடும்.

வளர்ப்பு பெரிய வித்தை இல்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு ஆரம்பிக்கலாம். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம பங்கு. குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில். கோடையில் தினமும் தண்ணீர். காய விட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் காய் வெடிக்கும். மழைக்காலத்தில் இலையடியில் துருப் பொடி மாதிரித் தெரிந்தால் துரு நோய். அந்த இலைகளை அகற்றி, தொட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்க. மார்கழி, தை வாக்கில் கவாத்து. வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளமே வரும். கையுறை போடுங்க.

பழத்தை அவசரப்பட்டுப் பறிக்காதீங்க. வாழை, மா போல அத்தியைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது. காம்புக் கழுத்து தளர்ந்து பழம் தலை தொங்க வேண்டும், தோலில் மெல்லிய கீறல் விழ வேண்டும். சில ரகங்களில் நுனித் துளையில் ஒரு சொட்டுத் தேன் நிற்கும். அந்தப் பழம் ஒரு நாள், இரண்டு நாள்தான் தாங்கும், லாரியில் ஏறாது. கடைக்காரர் கொஞ்சம் முன்னாலேயே பறித்ததைத்தான் விற்க முடியும். வீட்டில் வளர்ப்பதன் லாபம் இதுதான்.

பழைய செடியை வெட்டிவிட்டு அதே தொட்டியில் பூனா அத்திப் போத்து நட்டேன். இரண்டாம் வருஷம் ஏழு பழம். அணில் தின்றது போக எங்களுக்கு நாலு. வருஷத்துக்கு ஒன்று என்று கணக்குத் தீர்ந்துவிட்டதாக வீட்டில் சொல்கிறார்கள்.