சாப்பாட்டு ராமனா, உணவுப் பிரியரா, ‘கூர்மே’வா? ஒரு சொல்லின் கதை

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஆம்பூரில் வண்டியை ஓரங்கட்டுவது பிரியாணிக்காகத்தான். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். இதற்காகவே தேடி வருகிறவரைச் செய்திகளில் ‘உணவுப் பிரியர்’ என்கிறோம். வீட்டில் அதே ஆளுக்குப் பெயர் ‘சாப்பாட்டு ராமன்’. நட்சத்திர ஹோட்டல்களில் ‘கூர்மே’ என்கிறார்கள்.

மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. “சரியான சாப்பாட்டு ராமன்டா நீ” என்பது அளவைப் பற்றிய கிண்டல். ‘பிரியர்’ விருப்பத்தைச் சொல்கிறது. ‘போஜனப் பிரியர்’ அதன் பழைய வடிவம். ‘கூர்மே’ ருசியின் தரம் அறிந்தவர். பிரெஞ்சு மொழியிலும் இந்தப் பிரிவு உண்டு: வயிறு முட்டச் சாப்பிடுபவர் ‘கூர்மான்’, தரம் பார்த்துச் சாப்பிடுபவர் ‘கூர்மே’.

‘கூர்மே’ எங்கிருந்து வந்தது?

இன்று பணக்காரத்தனமாக ஒலிக்கும் இந்தச் சொல், பழைய பிரெஞ்சில் ஒரு வேலையாளைக் குறித்தது. ஒயின் வியாபாரியிடம் வேலை பார்த்த உதவியாள் அவர். ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்வது அவர் வேலை. ஒலியில் நெருங்கிய ‘கூர்மான்’ என்ற சொல்லின் தாக்கத்தால், பிறகு இது சாப்பாட்டுக்கும் வந்தது. நாம் இன்று சொல்லும் ‘ஃபுடி’ 1980களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

ஆம்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

யாருடைய ருசி கணக்கில் வரும் என்ற கேள்வி இங்கே நிஜமாகவே எழுந்தது. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. அதில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. ‘நாங்கள் பீஃப் பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம்’ என்று சில அமைப்புகள் அறிவித்தன. கனமழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது.

மாட்டுத் தோலைப் பதப்படுத்தி உலகத்துக்கே ஷூ அனுப்பும் ஊர் இது. மாட்டிறைச்சி பிரியாணி இங்கே பலருக்கு அன்றாடச் சாப்பாடு. ஷிஃப்ட் முடிந்து வரும் தோல் தொழிலாளி, முதல் வாயிலேயே “இன்னிக்கு தம் சரியா போடல” என்று சொல்லிவிடுவார். சொல்லின் பழைய பொருளில் பார்த்தால், ‘கூர்மே’ அவர்தான்.