மலைவீட்டின் உட்சுவருக்கு வர்ணம் பூசுமுன்



பட்டணத்தில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, மாதந்தோறும் மிச்சம் பிடித்து, சொந்த ஊரில் ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் அநேகம். கம்பம், போடி பகுதிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாய் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி, இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு, குமுளி ஆகிய ஊர்களில் நிலைத்துவிட்ட குடும்பங்களிலும் இன்று பிள்ளைகள் பட்டணங்களில் வேலை செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் ஊருக்கு வரும் பத்து நாட்களுக்குள் வீட்டின் உட்புறத்திற்கு வர்ணம் பூசி முடித்துவிட வேண்டும் என்பது பலருடைய எண்ணம்.

அப்படிப் பூசிய வர்ணம் அடுத்த ஆடி மாதத்திற்குள் கொப்புளித்து உரிவதையும், அலமாரியின் பின்னால் கருமை படர்வதையும் கண்டு மனம் நொந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் வர்ணத்தில் இல்லை. சுவரிலுள்ள ஈரத்தில் இருக்கிறது. பிரயாசப்பட்டுச் சேர்த்த பணம் வீணாகாதபடியும், வீட்டிலுள்ளோரின் சுகத்திற்குக் கேடு வராதபடியும் கவனிக்கவேண்டிய சில காரியங்களை இங்கே தருகிறோம்.

1. காலம் பார்த்துத் தொடங்குங்கள்

சமவெளிக்குரிய கணக்கு மலைக்குப் பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்குவது வடகிழக்குப் பருவமழை. தமிழக எல்லையை ஒட்டிய ஏலமலையில் இவ்விரண்டு மழையும் உண்டு. மழை நின்றபின்பும் சுவர் உடனே உலர்வதில்லை. டிசம்பரின் மூடுபனி காலையிலும் மாலையிலும் காற்றை ஈரமாகவே வைத்திருக்கிறது. ஆகையால் ஜனவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் முற்பகுதி வரையுள்ள வறண்ட வாரங்களே உட்புற வர்ணவேலைக்கு ஏற்றவை.

டிசம்பரில் மட்டுமே வர இயலும் என்றால், அந்த நாட்களைப் பரிசோதனைக்கும் பழுதுபார்ப்பதற்கும் பயன்படுத்துங்கள். கூரை, ஓடை, விரிசல் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு, வர்ணம் பூசும் பொறுப்பை ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் பிப்ரவரிக்கென்று ஒப்படையுங்கள். பண்டிகைக்கு வீடு வெளிச்சமாயிருக்க வேண்டுமென்றால், முன்பு வெள்ளையடித்த சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதில்லை.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஈரம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, மேலிருந்து: கான்கிரீட் கூரையின் விரிசல், கைப்பிடிச் சுவர் கூரையோடு சேரும் இடம், அடைபட்ட மழைநீர்க் குழாய். இரண்டாவது, பக்கத்திலிருந்தும் கீழிருந்தும்: மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கும்; அந்த மண் மழைக்காலம் முழுவதும் சுவருக்குள் நீரை ஊட்டிக்கொண்டேயிருக்கும். மூன்றாவது, வீட்டுக்குள்ளிருந்தே: சமையலின் ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, சன்னல் திறவாத அறை. இவற்றால் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் வியர்வையைப்போலப் படிகிறது.

ஈரத்தின் அடையாளத்தைக் கொண்டே அதன் காரணத்தை ஓரளவு அறியலாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் கறை இருந்தால் நீர் கீழிருந்து ஏறுகிறது. கூரை மூலையில் வட்டமாயிருந்தால் மேலே கசிவு உண்டு. கட்டிலுக்கும் அலமாரிக்கும் பின்னால் மட்டும் கருமை இருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

சுவரை ஒட்டிய மண்ணை அகற்றி, பின்புறம் ஓர் ஓடை வெட்டி நீரை வேறுவழியாய் விடுவது, விலையுயர்ந்த வர்ணத்தைக் காட்டிலும் அதிகப் பிரயோஜனமுள்ளது. ஆனால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரானால், அனுபவமுள்ள பொறியாளரைக் கேளாமல் தோண்டக்கூடாது.

வீட்டுச் சுவரில் காணும் தோஷத்தைக் குறித்து லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஓர் ஒழுங்கு இருப்பது நாம் அறிந்ததே. ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்துப் பார்ப்பது, பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்ப்பது, உட்புறத்தைச் சுரண்டுவது, வேறு கல்லும் வேறு சாந்தும் கொண்டு பூசுவது என்று அது படிப்படியாய்ச் செல்கிறது. கறையின்மேல் பூசி மறைப்பதற்கு அங்கே இடமில்லை.

3. எளிய பரிசோதனை

ஒன்றரை அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் இருந்தாலும், அந்த இடம் மட்டும் கருத்திருந்தாலும் சுவர் இன்னும் ஆயத்தமாகவில்லை. ஒவ்வோர் அறையிலும், சிறப்பாகப் பின்சுவரில், இதைச் செய்து பார்க்கவேண்டும்.

புதிதாய்ச் சிமெண்ட் பூசிய சுவரைக் குறைந்தது 28 நாட்களாவது விட்டுவைக்கவேண்டும். மலையில் இதைவிட அதிக நாட்கள் ஆகும். புதுச் சிமெண்டின் காரத்தன்மை எண்ணெய் வர்ணத்தைச் சோப்பைப்போல் பிசுபிசுப்பாக்கிவிடும். சுவரில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். சில நாட்களில் மறுபடியும் பூத்தால் நீர் வரவு இன்னும் நிற்கவில்லை என்று பொருள்.

4. பூஞ்சணமும் புகைக்கரியும்

பூஞ்சணத்தின்மேல் வர்ணம் பூசினால் அது வர்ணத்திற்குள்ளேயே வளர்ந்து வெளிவரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது மூச்சுத் தொல்லையைத் தரும். கடையில் கிடைக்கும் பிளீச்சிங் திரவத்தை, 4 லிட்டர் நீருக்கு ஒரு தம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு மேற்படாமல் கலந்து துடைத்து, நன்றாகக் கழுவி உலரவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங்குடன் கழிவறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியாவையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு உண்டாகும்.

விறகடுப்பு எரியும் சமையலறையில் புகைக்கரி படிந்திருக்கும். அதைச் சலவை சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்ந்தபின் எண்ணெய் கலந்த பிரைமர் ஒருமுறை பூசவேண்டும். இல்லாவிட்டால் பழுப்புக் கறை புது வர்ணத்தின் வழியாக மேலே வந்துவிடும்.

5. பழைய வர்ணத்திலுள்ள ஈயம்

இதுவே பெற்றோர் மிகவும் ஜாக்கிரதையாயிருக்கவேண்டிய காரியம். நிறம் பளிச்சென்றிருக்கவும், சீக்கிரம் உலரவும், நெடுநாள் உழைக்கவும் முற்காலத்தில் எண்ணெய் வர்ணங்களில் ஈயம் சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் இது அதிகம். கட்டிடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈய வர்ணத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921-லேயே ஜெனீவாவில் நிறைவேற்றியது. நம் நாட்டில் மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட விதிகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி வீட்டு உபயோக வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது.

எனவே அதற்கு முன் வர்ணமடித்த கதவு, சன்னல் கம்பி, தொட்டில், கட்டில் ஆகியவற்றில் ஈயம் இருக்கக்கூடும். உரிந்த துணுக்கைக் குழந்தை வாயில் வைத்தாலும், தேய்க்கும்போது எழும் தூசியைச் சுவாசித்தாலும் ஈயம் இரத்தத்தில் கலக்கிறது. அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் பாதிக்கிறது. ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

பழைய எனாமலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும், நெருப்புக் காட்டி உரிக்கவும் வேண்டாம். நனைத்துத் தேய்த்து, தரையில் பாலித்தீன் விரித்து, துணுக்குகளைக் கட்டி அகற்றி, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்நாட்களில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் தங்கட்டும். புது வர்ணம் வாங்கும்போது டப்பாவின்மேல் ஈய அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

6. பூசும் ஒழுங்கு

தளர்ந்த பழைய பூச்சைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைக்கவேண்டும். அடுத்து பிரைமர் ஒருமுறை. பட்டி மெல்லியதாய் இரண்டுமுறை. தேய்த்தபின் மறுபடியும் பிரைமர். கடைசியில் எமல்ஷன் இரண்டுமுறை. மேற்கூரை முதலாவது, சுவர் இரண்டாவது, கதவும் சன்னலும் கடைசி. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் வறண்ட நாளில் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். பனியுள்ள நாளில் மறுநாள் வரை பொறுத்திருங்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணிக்குள் பூசி முடிப்பது நலம்.

பனி சூழ்ந்த ஊரில் அறைகள் இருட்டாகவே இருக்கும். ஆகையால் மேற்கூரைக்கு வெள்ளையும், சுவர்களுக்கு வெண்ணெய் நிறம் போன்ற வெளிர்நிறங்களும் ஏற்றவை.

7. எவ்வளவு வாங்குவது?

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவுக்கு 21, இரண்டு சன்னல்களுக்கு 32 ஆக 53 கழித்தால் 387 சதுர அடி. நன்கு ஆயத்தம் செய்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்குச் சுமார் 60 சதுர அடி வரும். ஆகவே ஏறக்குறைய ஆறரை லிட்டர் தேவை. இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அதிகமாய் வாங்கி வீணாக்கமாட்டீர்கள். ஒரே அறைக்குரிய டப்பாக்களை ஒரே தயாரிப்பு எண்ணில் வாங்கினால் நிறம் மாறுபடாது.

8. வேலைக்காரரும் வீட்டாரும்

கூலி, பூச்சுகளின் எண்ணிக்கை, பொருள் யாருடையது, முடிக்கும் நாள் ஆகியவற்றை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூசியையும் நெடியையும் நாள்தோறும் சுவாசிப்பவர் வர்ணம் பூசுகிறவரே. அவருக்கு நல்ல முகக்கவசமும், ஆடாத ஏணியும், கை கழுவ சோப்பும் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. ஸ்விட்ச் பலகையின் அருகில் வேலை நடக்கும்போது மெயினை நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்தபின் இரண்டு மூன்று நாட்கள் பகலில் சன்னல்களைத் திறந்துவைத்து, நெடி நீங்கியபின் அந்த அறையில் படுங்கள். அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பட்டணத்திற்குத் திரும்புகிறவர்கள், மழையில்லாத நாளில் வாரம் ஒருமுறையாவது சன்னல்களைத் திறந்து மூட அண்டை வீட்டாரிடம் ஏற்பாடு செய்யுங்கள்.

கையிலுள்ள பணம் எல்லாவற்றிற்கும் போதாவிட்டால் முதலில் கூரைக் கசிவு, அடுத்து பின்புற ஓடை, மூன்றாவது பிள்ளைகள் உறங்கும் அறை என்ற வரிசையில் செய்யுங்கள். விருந்தினர் பார்க்கும் முன்னறை அடுத்த வருஷம் வரை பொறுத்திருக்கலாம்.