ஒரு கையால் பூட்ஸ் நாடா கட்டுதல்

காலையில் வேலைக்குப் புறப்படும் நாம் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டு எழுவதற்கு அரை நிமிஷம்கூட ஆவதில்லை. அந்த அரை நிமிஷத்தில் கைகள் இரண்டும் என்ன செய்தன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர்க்கு விடை கூறத் தெரியாது. சிறு வயதில் பழகிய வேலை. கை தானாகவே செய்துவிடுகிறது. இயந்திரத்தில் சிக்கியோ, சாலை விபத்திலோ, நோயினாலோ ஒரு கையை இழந்தவருக்கு அந்த அரை நிமிஷ வேலையே பெரியதொரு கேள்வியாகி முன்னே நிற்கிறது. அதற்கு விடை உண்டா, உண்டெனில் அது எத்தகையது என்பதை இங்கே ஆராய்வோம்.

நம் ஊர்ப் பக்கத்தில் செருப்பு அணிந்தே வாழ்நாளைக் கழித்துவிடலாம். ஆனால் தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழும் நமக்கு அது எப்போதும் இயல்வதில்லை. தில்லியின் மார்கழிக் குளிர் காலுறையையும் பூட்ஸையும் கேட்கிறது. பிலாய், ஜாம்ஷெட்பூர் போன்ற உருக்காலை நகரங்களில் பாதுகாப்புப் பூட்ஸின்றி வேலைத்தலத்தில் கால் வைத்தல் ஆகாது. மேலும், ஊரில் உள்ளவருக்குத் தாயோ தம்பியோ அருகில் இருப்பர். இங்கே ஓர் அறையில் தனித்தோ, வேற்றுமொழி பேசும் நண்பருடனோ தங்கியிருப்பவர், நாள்தோறும் பிறர் முன் காலை நீட்டி, “இதைக் கட்டி விடுங்கள்” என்று கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூசி வெளியே செல்வதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. ஆகவே இது வெறும் நாடாவைப் பற்றிய விஷயம் அன்று.

முதலில், முடிச்சுப் போடும்போது இரு கைகளுக்கும் உள்ள வேலைப் பங்கீட்டைக் காண்போம். ஒரு கை இழுக்கிறது. மற்றொரு கை, இழுத்தது நழுவாதபடி பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொள்ளும் வேலையை வேறொன்று ஏற்றுக்கொள்ளுமாயின் இழுப்பதற்கு ஒரு கை போதும். அந்த வேறொன்று உராய்வு என்னும் சக்தியே. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் தொழிலாளியைப் பார்த்திருப்பீர்கள். கரையில் நட்ட இரும்புக் குற்றியில் வடத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அதன் நுனியை அவர் ஒருவரே பிடித்துக்கொண்டு நிற்பார். கப்பலின் இழுப்பைத் தாங்குவது அவருடைய தோள்வலிமை அன்று, சுற்றுகளின் உராய்வே. பூட்ஸின் துளைகள் வழியே வளைந்து வளைந்து செல்லும் நாடாவுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இந்த நியாயத்தைக் கொண்டு அமைந்ததே ஒற்றை நுனி முறை. சாதாரணமாக நாடாவின் இரு நுனிகளும் மேலே வந்து முடிச்சாகின்றன. இம்முறையிலோ மேலே வருவது ஒரே நுனி. வலக்கை மட்டும் உள்ளவர் செய்யவேண்டுவதைக் கூறுவோம். இடக்கை மட்டும் உள்ளவர் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றிக்கொள்க.

நாடாவை முழுவதும் உருவிவிட்டு, அதன் ஒரு நுனியில் துளை வழியே நுழைந்து வராத அளவுக்குப் பருமனான முடிச்சு ஒன்று போட வேண்டும். இதனை ஒரு முறை செய்துகொண்டால் நாடா தேயும் வரையில் போதும். பிறரைச் செய்து தரச் சொன்னாலும் குற்றமில்லை. பின்பு, விரல்களுக்கு அருகில் இடப்பக்கம் உள்ள அடித்துளையில், நாடாவைக் கீழிருந்து மேலாக நுழைத்து இழுக்க வேண்டும். முடிச்சு தோலுக்கு அடியில், நாக்குப் போல் நீண்டிருக்கும் உள்தோலின் மேல் தங்கிவிடும்; ஆகையால் அது காலை உறுத்தாது. அடுத்து நாடாவைக் குறுக்கே கொண்டுசென்று, வலப்பக்கத்து அடித்துளையில் கீழிருந்து மேலாக வாங்க வேண்டும். பிறகு இடப்பக்கத்து இரண்டாம் துளை, வலப்பக்கத்து இரண்டாம் துளை என மாறி மாறி மேலே செல்லலாம். எல்லாத் துளைகளிலும் நாடா கீழிருந்து மேலாகவே வர வேண்டும் என்பது ஒன்றே விதி. இறுதியில் வலப்பக்கத்து மேல்துளையிலிருந்து நுனி வெளிப்பட்டு, இழுக்கும் கையின் பக்கமே நிற்கும்.

இனி அணியும் விதம். தாழ்ந்த முக்காலியிலோ படியிலோ அமர்ந்து, பூட்ஸின் குதிப்பகுதியைச் சுவரோடு அணைத்து வைத்துக்கொண்டால் அது வழுக்கிச் செல்லாது. மேலே உள்ள இரண்டு மூன்று குறுக்கு இழைகளை மட்டும் தளர்த்திக் காலை நுழைக்க வேண்டும். பின்னர் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இழையின் கீழும் விரலை விட்டுத் தொய்வை மேல்நோக்கி வாங்கிக்கொண்டே வர வேண்டும். ஓர் இழையை இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லும்போது, முன்னது தளராமல் துளையின் உராய்வு பார்த்துக்கொள்ளும். மேலே வந்ததும் நுனியை முழுவதும் இழுத்துவிடாமல், நாடாவை மடித்து ஒரு கண்ணி செய்து, அக்கண்ணியை எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கடைசிக் குறுக்கு இழையின் அடியில் செருகி, மறுபுறம் சிறிது இழுக்க வேண்டும். அவ்வளவே. நடக்கும்போது புறங்கால் மேலெழும்பி அந்த இழையை நெருக்க, இழை கண்ணியை நெருக்கும். அவிழ்க்க வேண்டின், தொங்கும் நுனியைச் சுண்டி இழுத்தால் கண்ணி உருவிக்கொண்டு வந்துவிடும்.

வழவழப்பான உருண்டை நாடாவைக் காட்டிலும் தட்டையான பருத்தி நாடா இம்முறைக்கு ஏற்றது. அதில் உராய்வு மிகுதி. அப்படியும் நழுவுமானால், கண்ணியை மேலும் ஓர் இழையின் அடியில் செருகலாம்.

“இரு கைகளால் போட்ட முடிச்சே அவிழ்கிறதே, இது நிற்குமா?” என்று சிலர் ஐயுறலாம். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் நாடா அவிழும் காரணத்தை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். கால் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது. முன்னும் பின்னும் வீசியாடும் நுனிகள் அதை உருவிவிடுகின்றன. இவ்விரண்டும் கூடியே முடிச்சை அவிழ்க்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. எஞ்சிய நுனியை ஆடவிடாமல், குறுக்கு இழைகளுக்குள்ளோ பூட்ஸின் ஓரத்திலோ செருகிவிட வேண்டும். இயந்திரங்களுக்கிடையே வேலை செய்பவருக்கு இது பாதுகாப்புமாகும்.

பழகுவதற்கு அவசரமான காலைப்பொழுதைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. மாலையில், பூட்ஸை மேசைமேல் வைத்துக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நிறத்து நாடாவைக் கொண்டு முதலில் பழக வேண்டும். கை தேர்ந்த பின்னர் காலில் அணிந்து பழகலாம். முழங்கைக்குக் கீழே கை இழந்தவர், எஞ்சிய பகுதியால் இழையை அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். புண் முற்றும் ஆறிய பின்பே இதனைச் செய்ய வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர் அவ்வலக்கையையே இழந்திருப்பின், இடக்கை எழுதவும் உண்ணவும் கற்கும் காலத்திலேயே இதையும் கற்க வேண்டியிருக்கும். அவருக்கு நாட்கள் சற்றுக் கூடுதலாகும்.

பயிற்சியின்போது சிலர்க்கு, இல்லாத கை நாடாவைப் பிடிக்க நீள்வது போன்ற உணர்ச்சி தோன்றும். சில வேளை அக்கை வலிப்பது போலவும் இருக்கும். இது பைத்தியமும் அன்று, பிரமையும் அன்று. கை போன பின்னரும் மூளையில் அதற்குரிய இடம் விழித்திருப்பதால் நேர்வது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை அமைத்தார். இருக்கும் கையின் பிரதிபிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காணச் செய்து, அந்த வலியைத் தணிக்க முயன்றார். இவ்வுணர்ச்சி வந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் கூறுதல் நலம்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். அன்பு மிகுதியால் ஓடிவந்து நாடாவைக் கட்டிவிடுதல் எளிது; அவர் தட்டுத்தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு அருகில் இருத்தல் அரிது. கேட்டால் உதவுக, கேளாதபோது பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பி விடுக. இருக்கும் ஒரு கையே இருவர் வேலையைச் செய்வதால் தோளும் மணிக்கட்டும் களைத்து வலிக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சோர்ந்த நாளில் உதவி கேட்பது தோல்வியாகாது.

நாடாவே வேண்டாம் என்போருக்கும் வழிகள் உள்ளன. நாயுருவி துணியில் ஒட்டுவதைப் போலவே, காட்டுச் செடியின் முள்விதை தம் நாயின் உரோமத்தில் ஒட்டியதைக் கண்டு, சுவிட்சர்லாந்துப் பொறியியலார் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்பவர் உருவாக்கியதே வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டை. அப்பட்டை வைத்த பூட்ஸ் எங்கும் கிடைக்கிறது. நாடாவுக்குப் பதிலாக இழுபடும் இலாஸ்டிக் நாடாவைக் கோத்துவிட்டால், கட்டாமலே காலை நுழைக்கலாம். வட மாநிலங்களில் தெருவோரம் அமர்ந்திருக்கும் ‘மோச்சி’ எனப்படும் காலணித் தொழிலாளரிடம் பழைய பூட்ஸைக் கொடுத்தால் இலாஸ்டிக்கோ ஒட்டுப்பட்டையோ தைத்துத் தருவார். நாடாவுக்கு இந்தியில் ‘ஃபீதா’ என்று பெயர். ஆலைப் பூட்ஸில் மட்டும் மேலதிகாரியின் சம்மதமின்றி மாற்றம் செய்யலாகாது.

நேரில் கற்க விரும்புவோர், அன்றாடச் செயல்களைப் பயிற்றுவிக்கும் ஆக்குபேஷனல் தெரபி பிரிவு பெரிய மருத்துவமனைகளில் உள்ளதா என விசாரிக்கலாம். மும்பை ஹாஜி அலியில் 1955-இல் தொடங்கிய அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம், கொல்கத்தாவிலுள்ள இயக்கக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிலையம் ஆகியவை இத்துறைக்கென்றே அமைந்தவை. மத்திய அரசு வழங்கும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பாரதம் முழுவதற்கும் செல்லுபடியாகும். ஊர் மாறினாலும் அட்டை மாறுவதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஊனத்தைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்தலாகாது என்று அரசு நிறுவனங்களுக்கு விதித்துள்ளது.

ஆயினும் சட்டமும் அட்டையும் வாசலுக்கு வெளியே உதவுவன. வாசலைத் தாண்டுவதற்கு வேண்டுவது ஒரு நாடா, அதன் நுனியில் ஒரு முடிச்சு, சில மாலைப்பொழுதுகளின் பயிற்சி. உங்கள் குடியிருப்பில், உங்கள் தமிழ்ச் சங்கத்தில், ஒரு கை இழந்த நண்பர் எவரேனும் இருப்பின், இம்முறையை முதலில் நீங்களே ஒரு கையால் செய்து பாருங்கள். பின்பு அவருக்குச் சொல்லுங்கள்.