ஓடாத பந்தயக் குதிரைகள்

பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள 'எப்சம் டெர்பி' ஓவியத்தைத் தியோடர் ஜெரிக்கோ 1821-இல் இங்கிலாந்தில் இருந்தபோது வரைந்தார். கருத்த வானத்தின் கீழ் நான்கு குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் போகின்றன. முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீண்டிருக்க, ஒரு குளம்புகூட மண்ணில் படவில்லை. எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராக்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தபோது குட்டு உடைந்தது. நான்கு குளம்புகளும் அந்தரத்தில் நிற்பது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. புகைப்படம்தான் ஓவியர்களின் கண்ணைத் திறந்தது என்ற பேச்சு இதிலிருந்து பிறந்தது. அது பாதிதான் உண்மை.

ஏனென்றால், மைபிரிட்ஜுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே பிரெஞ்சு ஓவியர்களில் கூர்மையான இருவர் அந்தப் பாய்ச்சலை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். பாரிசில் லோன்ஷான் பந்தய மைதானம் 1857-இல் திறந்தது. எதுவார் மனே 1866-இல் அதை வரைந்தபோது, குதிரைகளைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் நேரே நம்மை நோக்கி ஓடிவரச் செய்தார். புழுதியில் கால்கள் வெறும் தீற்றல்களாகிவிட்டன. எந்தக் கால் எங்கே என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. எட்கர் தெகா இன்னும் ஒரு படி போய்ப் பந்தயத்தையே தள்ளிவைத்தார். ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும், 1860-களில் வரைந்த அவரது படத்தில், பார்வையாளர் மேடைக்கு முன்னால் குதிரைகள் மெல்ல நடக்கின்றன. ஜாக்கிகள் முதுகைக் காட்டுகிறார்கள், தரையில் நிழல்கள் விழுந்து கிடக்கின்றன. ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை.

இதை மறுக்கச் சான்று தெகாவிடமே உண்டு. 1866 சலோன் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய 'விழுந்த ஜாக்கி' படத்தில் குதிரைகள் பழைய பாணியில்தான் கால் நீட்டிப் பறக்கின்றன. பிற்பாடு மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்து வரைந்தும் மெழுகில் வடித்தும் பழகினார். சரி, அறியாமைதான் தடை என்றால், தடை நீங்கிய பிறகு பாய்ச்சல் படங்கள் பெருகியிருக்க வேண்டுமே! ஒருசில வந்தன, அவ்வளவுதான். அவருடைய ஜாக்கிகள் பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருந்தார்கள். இன்னொரு மறுப்பு சிற்பி ரொதானுடையது. காலம் நிற்பதில்லை, ஆகவே நொடியை உறையவைக்கும் கேமராதான் பொய் சொல்கிறது, ஜெரிக்கோ சொல்வதே உண்மை என்றார் அவர். வேகத்தை உணர்த்துவதுதான் நோக்கம் என்றால் இந்த வாதம் நிற்கும். தெகாவின் நோக்கம் வேகமல்ல. பாஸ்டனில் இருக்கும் அவருடைய 1869-ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள்: முன்னால் ஒரு குதிரை வண்டி, அதில் ஒரு கைக்குழந்தை. பந்தயம் தொலைவில் எறும்பளவில் ஓடுகிறது. வண்டியில் இருக்கும் யாரும், நாய் உட்பட, அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.