மகமையும் ரெஃபரலும்

விருதுநகர் கமிஷன் மண்டியில் அந்தக் காலத்தில் மிளகாயோ மல்லியோ இறக்கியவருக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். தரகு, எடைக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு என்று கழிவுகள் வரிசையாக வரும். அவற்றோடு சின்னதாக இன்னொரு பதிவும் இருக்கும்: மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று காசுக் கணக்கில்தான். யாரும் கையேந்திக் கேட்பதில்லை, யாரும் பேரம் பேசுவதுமில்லை. அந்தக் காசு சேர்ந்து சேர்ந்து பள்ளிக்கூடமானது, பிறகு கல்லூரியானது. இதில் ஒரு பங்கு மூட்டை கொண்டுவந்த சம்சாரியின் காசும்தான் என்பதை விழா மலர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. நாம் சொல்லி வைப்போம்.

19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வணிகம் செய்ய வந்த நாடார்கள் சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களில் பேட்டை அமைத்து நிலைகொண்டார்கள். ஊருக்கு ஊர் உறவின்முறை என்ற அமைப்பு உண்டு. குடும்பத் தலைவர்கள் அதில் உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அபராதம். முறைகாரர்கள் முறைவைத்து மகமையை வசூலித்துக் கணக்கு ஒப்படைப்பார்கள். கடன் தகராறு, பாகப்பிரிவினை, கோயில் கொடை, புதிதாகக் கடை வைக்கிறவனுக்குக் கைகொடுப்பது எல்லாம் அங்கேதான் பேசி முடிக்கப்பட்டன.

அவர்களுக்குக் கோயில் வாசல்கூடத் திறக்காத காலம் அது. கோயில் நுழைவைச் சுற்றி மூண்ட பகை 1899இல் சிவகாசிக் கலவரமாக வெடித்தது. மற்றவர்கள் கட்டிய பள்ளியில் இடத்துக்கு நிற்பதைவிட நாமே ஒன்று கட்டிவிடலாம் என்று வணிகர்கள் கணக்குப் போட்டதில் வியப்பில்லை. கலவரத்துக்குப் பத்து ஆண்டு முன்பே, 1889இல், விருதுப்பட்டியில் சத்திரிய வித்தியாசாலை வந்தது. மகமையோடு பிடி அரிசியும் அதைத் தாங்கியது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள்; வாரம் ஒருமுறை அது திரட்டப்பட்டுப் பள்ளிச் செலவுக்குப் போகும். உறவின்முறைக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. ஆனால் பள்ளிக்கான முதல் கையளவு அவர்கள் கையிலிருந்துதான் வந்தது.

காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். தகப்பனார் இறந்தபின் படிப்பு நடுவிலேயே நின்று, மாமாவின் துணிக்கடைக்குப் போனார். பள்ளியை ஊர் நடத்தினாலும் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்றால் பையன் கடைக்குத்தான் போவான் என்பது அவருக்குப் பட்டறிவு. 1956இல் அவருடைய ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தபோது அதன் பின்னால் இந்த ஊர் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கல்லூரிக்கு நெடுநாள் பொறுக்க வேண்டியிருந்தது. மேலே படிக்கிற பையன்கள் மதுரைக்கு, அமெரிக்கன் கல்லூரிக்கோ மதுரைக் கல்லூரிக்கோ, போனார்கள். 1910இல் நாடார் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி (இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி) என்று வணிகம் அமைப்பாக விரிந்தது. பள்ளி தொடங்கி 58 ஆண்டுகள் கழித்து, 1947இல், விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. பெண்களுக்கான வன்னியப்பெருமாள் கல்லூரி வர மேலும் 15 ஆண்டுகள். சிவகாசியில் 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள 1922இல் கல்கத்தாவுக்கு ரயிலேறிய இருவரில் ஒருவர் அந்த அய்ய நாடார்.

பழையதைப் புகழ்ந்து கொண்டே போகலாம், ஆனால் உறவின்முறை என்பது சாதியின் கூட்டம். கட்டுப்பாட்டை மீறினால் தள்ளிவைப்பு. அந்தக் கூட்டத்தில் இடம் வேண்டுமென்றால் அந்தச் சாதியில் பிறந்திருக்க வேண்டும். கல்லூரிகளில் பின்னர் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள், அது உண்மை. முதலாளியைத் தெரியும், கணக்குப்பிள்ளை வேலை கேட்கலாம் என்ற வாய்ப்பு மட்டும் எல்லோருக்கும் கிடைத்ததில்லை.

இன்றைய வணிகர் கூட்டம் வேறு. காலை ஏழு மணிக்கு ஹோட்டல் ஹாலில் இட்லி, பொங்கலோடு நடக்கிறது. கோட்டு போட்டவரும் உண்டு, கம்பெனிப் பெயர் பொறித்த டீ-சர்ட்டும் உண்டு. பெண்கள் தலைவராக இருந்து நடத்துகிறார்கள். சாதி கேட்பதில்லை, ஆண்டுச் சந்தா கேட்கிறார்கள். 1985இல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. போன்ற அமைப்புகளின் கிளைகள் இப்போது நம் ஊர்களிலும் வாராவாரம் கூடுகின்றன. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடத்துக்குள் தன் தொழிலைச் சொல்லி, இந்த வாரம் எந்த மாதிரி வாடிக்கையாளர் வேண்டும் என்று கேட்கிறார். நேரம் முடிந்தால் மணி. பிறகு ரெஃபரல்: “நம்ம இன்டீரியர் சாருக்கு ஒரு டாக்டர் வீடு கொடுத்திருக்கேன்.” கைதட்டல். யாரால் யாருக்கு எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று ரூபாயில் அறிவிக்கிறார்கள். அன்றைப் போலவே இங்கேயும் வராதவருக்குக் கணக்கு உண்டு; தொடர்ந்து வராவிட்டால் இடம் போய்விடும்.

ஒழுங்கில் இது உறவின்முறைக்குச் சளைத்ததல்ல. சாதி தாண்டி, எலக்ட்ரிக்கல் கடைக்காரரும் பல் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்வது எவ்வளவோ மேல். இல்லாதது மகமை. நடந்த வியாபாரம் பைசா சுத்தமாகப் பதிவாகிறது, அதில் ஊர்ப் பங்கு என்று ஒரு வரி இல்லை. கல்விக்கு என்று ஏதும் செய்யாமலும் இல்லை. ஆண்டுக்கொரு முறை நோட்டுப் புத்தகம் வழங்குவார்கள், ஃப்ளெக்ஸ் வைத்துப் படம் எடுப்பார்கள். கொடுத்தவர் பெயர் பெரிதாகவும் பள்ளியின் பெயர் சிறிதாகவும் இருக்கும். சட்டமும் இவர்களைத் தொடுவதில்லை. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், ஆண்டு லாபம் 5 கோடி ரூபாயாவது உள்ளது போன்ற பெரிய நிறுவனங்களுக்குத்தான். மண்டிக்காரர் அந்தக் காலத்தில் சட்டம் இல்லாமலே கொடுத்தார்.

சரி, இன்று பிள்ளைகளுக்கு என்னதான் தேவை? கல்லூரி வாசல் நன்றாகவே திறந்திருக்கிறது. 2021-22 அகில இந்திய ஆய்வின்படி உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் விகிதம் 28.4. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துவந்த கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவனுக்கும் அதே தொகை. இவை போதுமென்று சொல்லமாட்டேன், ஆனால் பிடி அரிசியின் வேலையில் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டுவிட்டது.

வீட்டில் முதல் பட்டதாரியாகிற பிள்ளைக்கு எட்டாமல் இருப்பது ஆள் பழக்கம். பி.காம். படித்துக்கொண்டே சி.ஏ. இன்டர் தேறிய ஒரு கட்டடத் தொழிலாளியின் மகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து அவள் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி பெற வேண்டும். அவளுடைய அப்பாவுக்கு மேஸ்திரியைத் தெரியும், ஆடிட்டரைத் தெரியாது. முன்பின் தெரியாத அலுவலக வாசலில் போய் நின்றால் “அப்புறம் சொல்றோம்மா” என்று அனுப்பிவிடுவார்கள். ஆடிட்டர் நண்பரின் மகளுக்கோ ஒரு போன் போதும். டிப்ளமோ சிவில் படித்தவனுக்கு சைட் பயிற்சி, சட்டம் படிக்கிறவளுக்கு சீனியர் என எல்லாவற்றிலும் கதை இதுதான்.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதிப்படி அந்தக் காலைக் கூட்டத்தில் ஆடிட்டர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், கட்டடப் பொறியாளர் இருக்கிறார். அவளுக்குத் தேவையான கதவுகள் அத்தனையும் அந்த ஒரே ஹாலில் இருக்கின்றன. அவளுக்குத்தான் அங்கே நாற்காலி இல்லை. பணம் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கொடுத்தால் நல்லது. ரெஃபரல் பட்டியலில் ஒரு வரி கேட்கிறேன்: இந்த வாரம் எந்த மாணவருக்கு எந்த இடம்? அதை வாராவாரம் எண்ணி, வியாபாரத் தொகையோடு சேர்த்துப் படித்தால் போதும். மகமை வேலை செய்ததும் அது பட்டியலில் இருந்ததால்தான். அவரவர் மனசுக்கு விட்டிருந்தால் 1947இல் கல்லூரி வந்திருக்காது.

இப்படியொரு கூட்டத்தில் உறுப்பினராக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், அடுத்த வாரம் விருந்தினர் இடத்துக்கு இன்னொரு வியாபாரியை அழைக்காதீர்கள். உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியை அவருடைய பேராசிரியரோடு அழையுங்கள். அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள். இரண்டு பேருக்கான பலகாரச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.